ஜெர்மனியில் நண்பர் வீட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நியூரம்பெர்க்கில் குடியிருக்கிறோம். கூடப் படித்தவர்கள், பழைய அக்கம்பக்கத்தார் என்று யாராவது பிள்ளைகுட்டிகளோடு வந்து எங்களோடு தங்குவது வழக்கமாகிவிட்டது. டிக்கெட் போடும் முன் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நண்பர் வீட்டில் தங்கிச் சுற்றுவது டூர் பேக்கேஜில் வருவது போல் இல்லை. அவர்களுடைய வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மேல்வீடு, கீழ்வீடு எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நீங்கள் வந்து தங்குகிறீர்கள். அந்த வீட்டின் ஓட்டம் தெரிந்து திட்டம் போட்டால் இரண்டு குடும்பத்துக்கும் நிம்மதி.

எந்த மாதம் வந்தால் நல்லது?

வானிலையைப் பார்க்கும் முன் நண்பரின் பிள்ளைகளுக்கு எப்போது லீவு என்று கேளுங்கள். இங்கே பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம். 'ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார்கள்' என்று இரண்டு நாள் லீவு எடுக்க முடியாது. விடுமுறைத் தேதிகளும் நாடு முழுக்க ஒன்றாக இருக்காது. 16 மாநிலங்களும் தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன. கோடை விடுமுறை ஒரு மாநிலத்தில் முடியும்போது இன்னொன்றில் பாதியில் இருக்கும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும்தான் எல்லோருக்கும் கடைசி, செப்டம்பர் நடுவரை போகும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மே மாத லீவு. இங்கே ஈஸ்டர் லீவு பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் மேலே சொன்ன இரண்டு தென் மாநிலங்களிலும் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி இரண்டு வார விடுமுறை உண்டு. பல வருடங்களில் அது மே கடைசியில் தொடங்கி ஜூனுக்குள் போகும். உங்கள் நண்பர் மியூனிக், நியூரம்பெர்க், ஸ்டுட்கார்ட் பக்கம் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டு வாரத்தைத்தான் சொல்வேன். உங்கள் பிள்ளைகளுக்கும் லீவு, அவர்கள் பிள்ளைகளுக்கும் லீவு. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வயலோரக் கடைகளில் ஸ்ட்ராபெர்ரி வந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க அரையாண்டு லீவில் வரலாமா?

இதில் பலருக்கு ஏமாற்றம் வருகிறது. சந்தைகள் நடப்பது கிறிஸ்துமஸுக்கு முன்புதான். நியூரம்பெர்க் சந்தை முதல் அட்வென்ட் ஞாயிற்றுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வெள்ளியன்று தொடங்கி டிசம்பர் 24-ஆம் தேதி மூடிவிடும். நம் ஊரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விமானம் ஏறி இங்கே இறங்கும்போது கடைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். 24 மதியத்துக்கு மேல் கடைகள் மூடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது. சந்தைதான் ஆசை என்றால் பள்ளியில் பேசி ஒரு வாரம் முன்பே கிளம்புங்கள். முடியாவிட்டால் மே கடைசிக்கே தள்ளிவிடுங்கள்.

நண்பர் வீட்டில் எத்தனை நாள் தங்குவது முறை?

வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் ஆண்டு விடுப்பு. பல நிறுவனங்கள் 28, 30 நாள் தருகின்றன. கேட்பதற்கு நிறையத் தெரியும். ஆனால் அதிலிருந்துதான் அவர்கள் ஊருக்கும் வரவேண்டும், பிள்ளைகள் லீவில் வீட்டில் இருக்கும் வாரங்களையும் சமாளிக்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஆள் கிடையாது. சமையல், பாத்திரம், துணி எல்லாம் கணவனும் மனைவியும் ஆபீஸ் முடிந்து வந்து செய்வதுதான்.

என் அபிப்பிராயம்: இரண்டு வாரப் பயணம் என்றால் ஒரு சனிக்கிழமை வந்து இறங்குங்கள். வாரநாட்களில் நான்கைந்து நாள் நீங்கள் மட்டும் பெர்லின், ஹாம்பர்க் என்று போய்விட்டு அடுத்த வாரக்கடைசிக்குத் திரும்பி வாருங்கள். பெரிய பெட்டிகளை நண்பர் வீட்டிலேயே விட்டுப் போகலாம். அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், உங்களுக்கும் நாடு பார்த்தது போல் இருக்கும். 'எத்தனை நாள் லீவு போட முடியும்?' என்று நேராகவே கேளுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு அது பழகிய கேள்வி. கேட்காமல் விட்டால்தான் சங்கடம்.

விசாவுக்கு நண்பர் என்ன தரவேண்டும்?

நீங்கள் எடுக்க வேண்டியது ஷெங்கன் குறுகிய கால விசா. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். செலவு உங்களுடையது என்றால் நண்பரிடமிருந்து சாதாரண அழைப்புக் கடிதம் போதும்: யார் யார் வருகிறார்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த முகவரியில் தங்குவார்கள். கூடவே அவருடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டையின் நகல். உங்கள் வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, வருமான வரித் தாக்கல் இவைதான் விண்ணப்பத்தைத் தாங்கி நிற்கும்.

செலவை நண்பர் ஏற்கிறார் என்றால் கடிதம் போதாது. அவர் தன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய்ச் சம்பளச் சீட்டெல்லாம் காட்டி, 29 யூரோ கட்டி, 'ஃபெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங்' என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். உங்களுக்கு இங்கே உடம்புக்கு வந்து பெரிய செலவு ஆனாலும் அரசு அதை அவரிடம் வசூலிக்கலாம் என்பதுதான் அதன் பொருள். ஆகவே உங்கள் கையில் பணம் இருக்கும்போது, சும்மா விசாவுக்கு வலுச்சேர்க்க என்று நண்பரிடம் இதைக் கேட்காதீர்கள். வயதான பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள் செய்ய வேண்டியது இது. நண்பர் தலையில் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 முடியாத பிள்ளைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது சிரமம், பொங்கல் முடிந்ததும் தேட ஆரம்பியுங்கள். அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்? கறிவேப்பிலை, மாங்காய்?

இரண்டுமே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பழம், காய், இலை, பூ எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்குத்தான்: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன். அதனால் தேங்காய் வரலாம், முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் வெற்றிலையும் வரக்கூடாது. இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் தடை. நெய், பால்கோவா, பனீர் வேண்டாம். கைக்குழந்தைக்கான பால்பவுடர், குளிர்சாதனம் தேவைப்படாத வகையாக இருந்தால், இரண்டு கிலோ வரை விலக்கு. இங்கே கடைகளில் கிடைக்கும் வெண்ணெயைக் காய்ச்சினால் மணக்க மணக்க நெய் வந்துவிடும், ஆகவே அதற்காக ஏங்கத் தேவையில்லை.

தாராளமாகக் கொண்டுவரக்கூடியவை: பருப்புப்பொடி, இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி, வடகம், அப்பளம், புளி, ஊறுகாய், காபித்தூள். கருவாடுகூட வரலாம், மீனுக்கு ஒரு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள், பெட்டித் துணியெல்லாம் மணக்கும். கொண்டுவரும் பொருட்களின் மொத்த மதிப்பு விமானத்தில் வரும் ஒருவருக்கு 430 யூரோ, 15 வயதுக்குக் கீழே 175 யூரோ தாண்டாமல் இருந்தால் சுங்கவரி இல்லை.

இன்னொன்று. வரும் முன் நண்பரிடம் பட்டியல் கேளுங்கள். மசாலாப் பொருட்கள் இப்போது எல்லாப் பெரிய ஊர்களிலும் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கின்றன, கறிவேப்பிலைகூட. கிடைக்காதது அவர்கள் அம்மா கையால் இடித்த பொடியும், பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்களும்தான். அவர்கள் பெற்றோர் உங்கள் ஊரிலேயே இருந்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாருங்கள். அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டுக்குள் எதெல்லாம் கவனிக்க வேண்டும்?

குளியலறையிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. தொட்டிக்குள்ளோ ஷவர் கண்ணாடிக்குள்ளோ நின்றுதான் குளிக்க வேண்டும். வாளியில் பிடித்து வெளியே ஊற்றிக் குளித்தால் தண்ணீர் ஓடுகளின் இடுக்கில் இறங்கிக் கீழ்வீட்டுக்காரர் கூரையில் கறையாகத் தெரியும். அது காப்பீடு, வழக்கு என்று இழுத்துக்கொண்டு போகும். கழிப்பறையில் கைப்பிடி ஷவர் இருக்காது, ஒரு சின்ன மக் கொண்டுவாருங்கள். குளித்ததும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடவேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலம், குளிர்காலம் எதுவானாலும் இதே கதைதான்.

அடுத்தது சத்தம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறு நாள் முழுக்க அமைதி நாள். துளை போடுவது, வேக்குவம் கிளீனர் ஓட்டுவது, தெருமுனைத் தொட்டியில் கண்ணாடி பாட்டில் போடுவது எதுவும் ஞாயிறன்று கூடாது. தேங்காய்ச் சட்னிக்கு மிக்சி ஒரு நிமிடம் ஓடினால் யாரும் போலீசைக் கூப்பிடப்போவதில்லை. ஆனால் மாவு அரைப்பதைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மரத்தரையில் குதித்து ஓடினால் கீழே இடி மாதிரி கேட்கும். அவர்களைக் கட்டிப்போட முடியாது, அதனால் மழை பெய்தாலும் கோட்டு மாட்டி விளையாட்டுத் திடலுக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே எல்லாப் பிள்ளைகளும் மழையில்தான் விளையாடுகிறார்கள்.

தாளிக்கும் முன் சமையலறை ஜன்னலைத் திறங்கள், ஹால் பக்கக் கதவைச் சாத்துங்கள். வீடுகளில் புகை அலாரம் வைப்பது சட்டப்படி கட்டாயம், காய்ந்த மிளகாய்ப் புகைக்கு அது அலறும்.

குப்பையைப் பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பிளாஸ்டிக், டின் உறைகள் மஞ்சள், காகிதம் நீலம், காய்கறித் தோல் பழுப்பு, மிச்சம் கறுப்பு என்பது பொதுவான கணக்கு. முதல் நாளே பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

செலவை எப்படிப் பகிர்வது?

தங்குவதற்குப் பணம் கொடுத்தால் நண்பர் வருத்தப்படுவார். வாரத்துக்கு ஒரு முறை சூப்பர் மார்க்கெட் பில்லை நீங்கள் கட்டுங்கள். வெளியே சாப்பிடும்போது ஒரு முறை அவர்கள், ஒரு முறை நீங்கள். காரில் நெடுந்தூரம் போனால் பெட்ரோல் உங்களுடையது. முக்கியமாக, இரவுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும் இயந்திரத்தில் அடுக்குங்கள். இரண்டு நாள் நீங்கள் சமையுங்கள். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ரசம் கொதிக்கும் வாசனை வருவது இங்கே எவ்வளவு பெரிய சுகம் என்று வந்து பார்த்தால்தான் தெரியும்.

சனிக்கிழமையே வாங்கவேண்டியதை வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சில மணி நேரம் பேக்கரிகளும், பெரிய ரயில் நிலையக் கடைகளும்தான் கைகொடுக்கும்.

காலி பாட்டில்களை எறியாதீர்கள். தண்ணீர், ஜூஸ், கோலா வரும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் சேர்த்துத்தான் விலை வாங்குகிறார்கள். கடைக்குள் இருக்கும் இயந்திரத்தின் வட்டத் துளையில் பாட்டிலை வைத்தால் அது சுழன்று, பட்டைக்கோட்டைப் படித்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைக் காசாளரிடம் கொடுத்தால் பணம். பாட்டிலை நசுக்கினால் இயந்திரம் வாங்காது. எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் செலவு இதிலிருந்துதான். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம் என்பதால் தண்ணீர் பாட்டில் வாங்கும் தேவையே அதிகம் வராது.

ரயிலா, நண்பரின் காரா?

நண்பரின் காரில் ஐந்து பேர்தான். 12 வயது ஆகாத, 150 செ.மீ. உயரம் எட்டாத பிள்ளைகளுக்கு அவர்களுக்கேற்ற இருக்கை கட்டாயம், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. இரண்டு குடும்பம் சேர்ந்து போக ரயில்தான் வழி.

பவேரியாவுக்குள் என்றால் பயர்ன் டிக்கெட் என்ற ஒரு நாள் டிக்கெட் எடுங்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை, பெற்றோரோடு வரும் சொந்தப் பிள்ளைகளுக்கு 14 வயது வரை இலவசம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல் செல்லும், சனி ஞாயிறுகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைகூட இதில் போகலாம். பயணிகள் பெயரை டிக்கெட்டில் எழுத மறக்காதீர்கள். மாதம் முழுக்க நாடெங்கும் ஓடும் உள்ளூர், வட்டார ரயில்களுக்கான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026-இல் ஒருவருக்கு 63 யூரோ. அது மாதச் சந்தா என்பதால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். இந்த இரண்டிலும் ஐசிஇ அதிவேக ரயிலில் ஏற முடியாது.

ஐசிஇ-யில் பெரியவரோடு வரும் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே அவர்களையும் சேர்க்கவேண்டும். உட்கார இடத்துக்குத் தனியாக முன்பதிவு செய்யவேண்டும். 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. திரும்பும் விமானத்தைப் பிடிக்கப் போகும் நாளில் இரண்டு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள்.

நியூரம்பெர்க்கில் பிள்ளைகளோடு என்ன பார்ப்பது?

முதல் நாள் களைப்பில் எங்கும் போகாமல் மெட்ரோ ஏறினாலே போதும். யு2, யு3 வழித்தடங்களில் ஓட்டுநரே கிடையாது. முதல் பெட்டியில் முன்கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தால் சுரங்கம் முழுக்க நம்மை நோக்கி ஓடிவரும். விமான நிலையத்துக்கே யு2 வருவதால் வந்து இறங்கியதுமே இது கிடைத்துவிடும்.

ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து பக்கத்து ஊரான ஃபூர்த்துக்குத்தான் ஓடியது. 'ஆட்லர்' என்ற அந்த இன்ஜின் இங்கிலாந்திலிருந்து வந்தது. ரயில் அருங்காட்சியகத்தில் அதன் மாதிரி வடிவமும், பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக்கின் தங்க வேலைப்பாடு செய்த பெட்டியும் நிற்கின்றன. அரை நாள் எடுத்துக்கொள்ளும்.

கோட்டையில் என்னைக் கேட்டால் ராஜா அறைகளைவிட ஆழ்கிணறுதான் பார்க்கவேண்டியது. பாறையைக் குடைந்து சுமார் 50 மீட்டர் தோண்டியிருக்கிறார்கள். வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க, சில நொடி கழித்துத்தான் 'சளக்' என்று கேட்கும். கிணறு பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கு அங்கே பேரப்பிள்ளைகளிடம் சொல்ல நிறைய இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் நீதிமன்ற அறை 600-க்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நாஜித் தலைவர்களை 1945 நவம்பர் முதல் 1946 அக்டோபர் வரை விசாரித்துத் தண்டித்த இடம். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்தது அங்கே மனதில் ஏறும். சின்னப் பிள்ளைகள் அந்த நேரத்தில் மிருகக்காட்சிசாலைக்கோ ஸிர்ண்டார்ஃபில் இருக்கும் பிளேமொபில் பூங்காவுக்கோ போகட்டும்.

தமிழோடு தொடர்புள்ள இடம் ஏதாவது உண்டா?

இரண்டைச் சொல்வேன். ஹாம் நகரத்து ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் ஈழத்தமிழர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக் கட்டிடங்களுக்கு நடுவே 17 மீட்டர் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். உங்கள் பயணம் அந்த நாளோடு ஒத்துவந்தால் விடாதீர்கள்.

இன்னொன்று லைப்ஸிக் அருகே ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனங்கள் என்ற பழைய பள்ளி வளாகம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு படித்த ஊர் இது. அவருடைய அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பியதும் இங்கிருந்துதான். தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வருகிறார்கள். மாடியிலுள்ள பழைய அதிசயப்பொருள் கூடத்தில் கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும், பிள்ளைகளுக்கு அது போதும்.

நண்பர் ஜெர்மன்காரராக இருந்தால்?

சொன்ன நேரத்துக்குப் போங்கள், பத்து நிமிடம் தாமதமானாலும் தகவல் சொல்லுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதில் அவர்களும் நம்மைப் போலத்தான். மூன்று, நான்கு மணிக்குக் கூப்பிட்டால் காபியும் கேக்கும். இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய் என்று ஆறரைக்கே முடிந்துவிடும். உபசாரக் குறைவு என்று நினைக்காதீர்கள், அவர்கள் தினமும் சாப்பிடுவது அதுதான். 'இன்னும் கொஞ்சம் வேண்டுமா?' என்று ஒரு முறைதான் கேட்பார்கள். வேண்டும் என்றால் முதல் முறையே வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனமாக நினைப்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிரமமா?

இல்லை. சூப்பர் மார்க்கெட்டிலும் உணவகத்திலும் சைவ வகைகள் தாராளம். பேக்கரி உருளைக்கிழங்கு சாலட்டில் மட்டும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்?

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொண்டுவாருங்கள், மூன்று மாதத் தேவைக்கு வரை அனுமதி உண்டு. இங்கே பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும், சிவப்பு 'ஏ' எழுத்து பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். ஞாயிறன்றும் இரவிலும் முறைவைத்து ஒரு கடை திறந்திருக்கும், மூடிய கடையின் கதவில் அதன் முகவரி ஒட்டியிருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் டாக்டர்களின் கிளினிக் நேரம் முடிந்துவிட்டது என்றால் 116117. போலீஸ் 110.

பெரியவர்கள் தனியாக நடக்கப் போனால் முகவரிச் சீட்டு ஒன்றை அவர்கள் பையில் வையுங்கள். அடுக்குமாடிகளில் கதவு எண் பெரும்பாலும் இருக்காது, அழைப்பு மணிப் பலகையில் குடும்பப் பெயர்தான் இருக்கும். நம் ஆட்களுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் நிற்கும். 'குமார் வீடு' என்று தேடினால் கிடைக்காது. மணிப் பலகையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை அப்படியே எழுதிக்கொடுங்கள்.